நாலாவது உருப்படியில ஒரு கிலுகிலுப்பு

என் தங்கச்சி போட்ட ஆல்பத்துல மொத்தம் ஒம்பது உருப்படி. அதுல எட்டுல மனுசக் குரலே கிடையாது. கிதார், டிரம்ஸ், பேஸ், அவ்வளவுதான். ஆறாவது உருப்படி முடியப் போற நேரத்துல மட்டும் ஒரு பொம்பளை, "ஏண்டி, மணி ரெண்டாகுது, சோறு வெறச்சுக் கெடக்கு, வாரியா இல்லையா?"ன்னு கத்துறது கேக்கும். அந்தப் பொம்பளை நான்தான். மைக் ஓடிக்கிட்டிருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? அதை எடுத்துருடின்னு தலைகீழா நின்னு பாத்தேன், அவ மசியல. இன்டர்நெட்ல யாரோ ஒரு புண்ணியவான், அந்தக் குரல்ல காத்திருக்கிறவளோட வலி தெரியுதுன்னு எழுதியிருக்காராம். வலியுமில்ல, ஒண்ணுமில்ல. கத்திரிக்காக் கொழம்பு ஆறிப்போன எரிச்சல்.

ஆனா நான் சொல்ல வந்தது ஆறாவதைப் பத்தி இல்ல. நாலாவதைப் பத்தி.

தங்கச்சிக்கும் எனக்கும் ஒம்பது வயசு வித்தியாசம். இன்ஜினியரிங் படிக்க மெட்ராஸ் போனவ, படிப்பு முடிஞ்சு வரும்போது சர்டிபிகேட்டோட ஒரு எலெக்ட்ரிக் கிதாரையும் தூக்கிக்கிட்டு வந்தா. அப்பச்சி, எங்க அப்பாதான், அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்குக் கரண்ட் வேணுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாக. வேணும்னா. சரின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அதுக்கப்புறம் பதினாறு வருசம் அவ அடுத்தவுக பாட்டுக்கு வாசிச்சா. மேடையில முன்னால ஒருத்தர் நின்னு பாடுவாரு, இவ ஓரத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு கம்பியைப் போட்டுக் கிழிப்பா. கல்யாணம் வேண்டாம்னுட்டா. முப்பத்தொம்பது வயசுல, போன தை மாசம், "ஆச்சி, என் பேர்ல ஒரு ஆல்பம் போடப் போறேன், நம்ம வீட்ல வந்து பத்து நாள் வாசிக்கவா?"ன்னு போன் பண்ணினா. எங்க பக்கம் அக்காவையும் ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்.

"மெட்ராஸ்ல இல்லாத ஸ்டுடியோவாடி?"ன்னேன்.

"ஸ்டுடியோவுல சத்தம் செவுத்துல பட்டதும் செத்துப் போயிருது ஆச்சி. நம்ம வளவுல கை தட்டினா அது ஒவ்வொரு தூணா தொட்டுட்டுத் திரும்பி வரும். எனக்கு அந்தத் திரும்பி வர்றது வேணும்."

வளவுன்னா வீட்டுக்கு நடுவுல வானம் தெரியிற முத்தமும் அதைச் சுத்தித் தூண் வச்ச தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையா இருக்கிற அறைகளை நாங்க அறைன்னு சொல்றதில்ல, வீடுன்னுதான் சொல்லுவோம். ஒவ்வொரு பங்காளிக்கும் ரெண்டு வீடு, மூணு வீடுன்னு பங்கு. அவுகவுக சாமான், அவுகவுக பூட்டு. எங்க வீட்டுக்கு மூணு பங்காளி. மத்த ரெண்டு பேரும் வெளியூரு. நான் ஒருத்திதான் உள்ளயே இருந்து, முகப்புப் பக்கம் நாலு ரூமைச் சீர் பண்ணி, ஊரு பாக்க வர்ற விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டு, சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். பத்து நாளைக்கு விருந்தாளி வேண்டாம்னு நிறுத்திட்டேன். வாட்ஸாப்புல பங்காளிகளைக் கேட்டேன். ஒருத்தர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. இன்னொருத்தர், "ராக் மியூசிக்னா ஓடு பெயருமா?"ன்னு கேட்டாரு. பெயராதுன்னு நானே ஜாமீன் குடுத்தேன்.

ஒரு வேன்ல வந்து எறங்கினாக. அவளும், கூட ஒரு சவுண்ட் இன்ஜினியரும். மெட்ராஸ்காரர், தாடி, அதிகம் பேச மாட்டாரு. மூணு கிதாரு, அலமாரி கணக்கா ஒரு ஸ்பீக்கர், கால்ல மிதிக்கிற சின்னச் சின்னப் பெட்டி ஒரு பன்னண்டு. எனக்கு எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கலேன்னா சோறு எறங்காது. ஒவ்வொரு பெட்டியா இது என்னத்துக்கு, அது என்னத்துக்குன்னு கேட்டேன். ஒண்ணை மிதிச்சா சத்தம் நீளும். ஒண்ணை மிதிச்சா நடுங்கும். இன்னொண்ணை மிதிச்சா, ஆத்தாடி, லாரி உள்ள வந்திருச்சுன்னு நான் வாசப்பக்கம் ஓடினேன்.

"இதுதான் ராக்கு"ன்னு சிரிச்சா.

"சரி, பாட்டு எங்க?"

"பாட்டு இல்ல ஆச்சி. வாசிக்கிறது மட்டுந்தான்."

"அதெப்படி? பாட்டுன்னா வார்த்தை வேணாமா?"

"வார்த்தை வந்தா எல்லாரும் வார்த்தையைத்தான் கேப்பாக. பதினாறு வருசமா அதைத்தான பாத்தேன்."

எனக்கு அதை ஒத்துக்கிட மனசு வரல. ஒரு சேதியைச் சொல்லணும்னா வாயைத் திறந்து சொல்லணும். வாயைத் திறக்காம இருக்கிறவுகளைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அது ஏன்னு பின்னால சொல்றேன்.

டிரம்ஸும் பேஸும் மெட்ராஸ்லயே பதிஞ்சு கொண்டாந்திருந்தாக. அதை இவ காதுல மாட்டிக்கிட்டு, வளவுல நின்னு கிதாரை மட்டும் வாசிப்பா. எங்களுக்குக் கேக்கிறது கிதாரு மட்டுந்தான். பாதிச் சண்டையைப் போன்ல கேக்குற மாதிரி இருக்கும். தூணுக்குத் தூண் மைக். நான் அடுப்படியில கடுகு தாளிச்சா அதுவும் மைக்ல விழுதுன்னாக. அதனால அவ கையைத் தூக்கினா நான் கரண்டியைக் கீழ வைக்கணும். ஓட்டுமேல மயில் அகவும், நிறுத்துவோம். பஸ்காரன் ஹாரன் அடிப்பான், நிறுத்துவோம். குன்றக்குடிக்கு நடந்து போற கூட்டம் மேளத்தோட தெருவுல போச்சு, முக்கா மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம். எனக்கு அதெல்லாம் வேடிக்கையா இருந்துச்சு. ஒரே இடத்தை முப்பது தடவை வாசிச்சாலும் முப்பது தடவையும் அவ மூஞ்சி வேற வேற மாதிரி இருக்கும். அந்த மூஞ்சியைப் பாக்கிறதுக்காகவே மொறத்தை எடுத்துக்கிட்டு வந்து தாழ்வாரத்துல உக்காந்துக்கிருவேன்.

அஞ்சாம் நாளு நாலாவது உருப்படிக்கு வந்தோம். அதுக்கு ஆகத் தடிச்ச கம்பியைத் தளத்தி விட்டுட்டா. தளந்த கம்பியை அடிச்சதும் ஒரு கொரல் வந்துச்சு பாருங்க, தரையில வச்சிருந்த என் உள்ளங்காலுக்குத் தெரிஞ்சுச்சு. மொதத் தடவை வாசிச்சு முடிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்லா இருக்குடின்னு நான் சொல்ல வாயெடுக்கும்போது சவுண்ட் இன்ஜினியர் காதுல மாட்டினதைக் கழட்டிட்டு, "ஏதோ ஒண்ணு கிலுகிலுங்குது"ன்னாரு.

திரும்ப வாசிச்சா. அந்தத் தடிச்ச கம்பியை விடும்போதெல்லாம், கிதாருச் சத்தத்துக்குப் பின்னால, தூரத்துல கைக்கொழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுற மாதிரி ஒரு சத்தம். மத்தக் கம்பிக்கு இல்ல. அந்தக் கம்பிக்கு, அந்த ஒரு சுதிக்கு மட்டும் வருது.

என்னவா இருக்கும்? அன்னைக்குப் பூரா அதைத் தேடுறதுதான் வேலை. ஒரு அளவுல இருக்கிற பொருள் அதே அளவுச் சத்தம் பட்டா தானா அதிரும்னு அவ விளக்கினா. அப்ப வீட்ல எதுக்கு அந்த அளவு? சரவிளக்குக் கண்ணாடியா இருக்கும்னு ஒவ்வொரு தொங்கலா துணி சுத்தினோம். இல்ல. கதவு வளையத்தையெல்லாம் கயித்தால கட்டினோம். இல்ல. கலர் கண்ணாடி ஜன்னல் இடுக்குல தாளைச் சொருகினோம். படத்துக்குப் பின்னால அட்டை வச்சோம். அடுப்படியில இருந்த டம்ளரு, கரண்டி, மூடி எல்லாத்தையும் பாயில பரப்பினேன். எதுவும் இல்ல. நான், சத்தியமாச் சொல்றேன், அன்னைக்குத்தான் இந்த வீட்டை மொத மொதலாக் கேட்டேன். இத்தனை வருசமாப் பாத்துக்கிட்டு மட்டுந்தான் இருந்திருக்கேன்.

மறுநா காலையில இன்ஜினியர் கையில ஒரு சின்ன மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, செவுத்தோரமா நடந்தாரு. அவ நடு வளவுல நின்னு அந்தக் கம்பியை விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்தா. அவரு இங்குட்டு வருவாரு, நிப்பாரு, அங்குட்டுப் போவாரு. நானும் பின்னாலயே போனேன். மேலப்பக்கத் தாழ்வாரத்துல மூணாவது கதவுக்கு முன்னால நின்னாரு. மைக்கைத் தாப்பாகிட்டக் கொண்டு போனாரு. காதைக் கதவுல வச்சாரு.

"அக்கா, இதுக்குள்ளதான். இதுல என்ன இருக்கு?"

"பாத்திரம்"னேன். "சாவி தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு"ன்னேன்.

சாவி தொலையல. என் பீரோவுல, சேலைக்கு அடியில, ஒரு கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருந்தேன். தங்கச்சி என்னை ஒரு பார்வை பாத்தா. அவளுக்கு நான் பொய் சொல்றது தெரியும். கிதாரைக் கழட்டி வச்சுட்டு, "சரி, காபி குடிப்போம்"னா.

அந்த வீட்ல இருந்தது என் சாமான். எங்கள்ல பொம்பளைப் பிள்ளை பொறந்த நாள்லருந்து ஆத்தா ஒவ்வொண்ணா வாங்கிச் சேப்பாக. பித்தளை, வெங்கலம், சில்வரு, மங்குன்னு சொல்ற பீங்கான் பூச்சுத் தட்டு, கரண்டியிலருந்து அண்டா வரைக்கும். எல்லாத்துலயும் வீட்டு விலாசத்தோட எழுத்தை, அதாவது குடும்பப் பேரோட மொத எழுத்துகளை, வெட்டி, கல்யாணத்தன்னைக்கு ஊரு பாக்கப் பரப்பி வச்சு, லிஸ்டு போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவாக. என் சாமானும் அப்படித்தான் போச்சு. மூணு வருசத்துல அப்படியே திரும்பி வந்திருச்சு. என்னைக் கட்டினவருக்குச் சிங்கப்பூர்ல வேற ஒரு வாழ்க்கை இருந்துச்சு. அதை அவரு வாயால சொல்லவே ரெண்டு வருசம் ஆச்சு. ரெண்டு பக்கத்துப் பெரியவுகளும் உக்காந்து பேசிக் கல்யாணத்தைத் தீத்துவிட்டாக. தீத்துவிட்டா எங்க வழக்கப்படி சாமானைத் திருப்பி அனுப்பிறணும்.

அன்னைக்கு வராதேன்னு ஆத்தா சொல்லியும் கேக்காம நானும் போனேன். மாப்பிள்ளை வீட்டு வளவுல சாமானைப் பரப்பி, ஒருத்தர் லிஸ்டைப் படிக்க, இன்னொருத்தர் "இருக்கு, இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. எதுவும் குறையல. ஒரு கீறல் கூட இல்ல. எல்லாம் சரியா இருக்கு, கெளம்பலாம்னாக. நானும் அந்தச் சாமானோட ஒரு சாமானா நின்னுக்கிட்டிருந்தேன். மாமியா, நான் அயித்தைன்னு கூப்பிட்டவுக, அவுகளே உக்காந்து அண்டாவுல வைக்கோலைத் திணிச்சுக் கட்டிக்கிட்டிருந்தாக. நிமுந்து என்னைப் பாக்கல. மூணு வருசம் ஒண்ணா ஒரே அடுப்புல சமைச்சிருக்கோம். எனக்குக் காய்ச்சல்னா ராப்பகலாப் பக்கத்துல உக்காந்திருந்தவுக. அன்னைக்குப் போயிட்டு வான்னு கூட ஒரு வார்த்தை சொல்லல. என்ன அவசரம் பாரு இந்தப் பொம்பளைக்கு, நம்மளை அனுப்புறதுக்குன்னு நான் நெனச்சேன். வீட்டுக்கு வந்த எந்தப் பொம்பளையையும் மஞ்ச குங்குமம் குடுக்காம அனுப்ப மாட்டாக. அன்னைக்கு என் முன்னால யாரும் குங்குமச் சிமிழை நீட்டல.

அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் நீட்டல. கல்யாண வீட்டுல தட்டு வரிசையா வரும், என்கிட்ட வரும்போது லேசா ஒரு வளைவு வளைஞ்சு அடுத்தவகிட்டப் போயிரும். யாரும் வேணும்னு பண்றதில்ல. அதுதான் இன்னும் எரியும். ஆத்தா அந்தச் சாமானையெல்லாம் மூட்டையும் கயிறுமா நம்ம மேலப்பக்கத்து வீட்ல எறக்கிப் பூட்டிச் சாவியை என்கிட்டக் குடுத்தாக. ஆத்தாவும் போயிட்டாக. பதினேழு வருசம் நான் அந்தப் பூட்டைத் தொடல. தொட்டா, அந்த வளவுல "இருக்கு, இருக்கு"ன்னு கேட்ட சத்தம் வெளிய வந்திரும்னு பயம். வேற என்னத்தைச் சொல்ல.

மத்தியானம் சாப்பிடும்போது தங்கச்சி சொன்னா: "ஆச்சி, நாலாவதை விட்டுருவோம்னு இருக்கேன். எட்டு உருப்படி போதும்."

"அதுதான உனக்கு ஆகப் பிடிச்சது?"

"ஆமா. பரவாயில்ல."

சாவி எங்கன்னு கேக்கல. கதவை உடைப்போமான்னு கேக்கல. பதினாறு வருசம் அடுத்தவுக ஓரத்துல நின்னு வாசிச்சவ, தனக்குன்னு செஞ்ச ஒரே காரியத்துல பாதி உசிரை எனக்காக வெட்டிப் போடுறா, ரசத்தை ஊத்திக்கிட்டே. எனக்குத் துக்கமா வந்துச்சா கோவமா வந்துச்சான்னு தெரியல. ரெண்டும் வந்துச்சு. இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிறணும். எனக்கு அது என்னன்னு தெரிஞ்சாகணும். ரெண்டு நாளா என் சாமான்ல எதோ ஒண்ணு என் தங்கச்சிக்கு எதுத்துப் பேசிக்கிட்டிருக்கு. எது? என்னத்துக்கு? எலைக்கு முன்னால உக்காந்து அதையே யோசிச்சேன். சோறு எறங்கல. கையைக் கழுவிட்டுப் போயி பீரோவைத் திறந்தேன்.

பூட்டு ஒரு தடவையில திறக்கல. தேங்கா எண்ணெய் விட்டுத் திருப்பினோம். உள்ள வவ்வா நாத்தம். மங்குச் சாமான் ஒரு பக்கம், சில்வர் ஒரு பக்கம், அண்டா மூணும் செவுத்தோரமா. கண்ணுல படுற எல்லாத்துலயும் எங்க விலாசத்தோட எழுத்து. கொஞ்ச நேரம் என்னால உள்ள போக முடியல. தங்கச்சி என் தோளைத் தொட்டா. "நான் போயி வாசிக்கிறேன். நீங்க ஒவ்வொண்ணாக் கையை வச்சு அமுத்துங்க. எதுல கை வச்சா நிக்குதோ அதுதான்"னா. அவளும் எனக்கு மரியாதை குடுத்துப் பேசுறது எப்பவாவதுதான்.

அவ நடு வளவுல நின்னு அந்தத் தடிச்ச கம்பியை அடிச்சா. கிலுகிலு. இன்ஜினியர் வாசப்படியில நின்னு காதுல கேட்டுக்கிட்டுத் தலையை ஆட்டினாரு, இன்னும் வருதுன்னு. நான் மங்குத் தட்டு மேல கை வச்சேன். வருது. தூக்குவாளி. வருது. வெங்கலப் பானை. நான் பதினெட்டு வயசுல ஆசை ஆசையாத் தேச்சு வச்ச பானை. வருது. அவ அடிக்க, நான் தொட, அடிக்க, தொட. பயந்துக்கிட்டு இருந்த சாமானையெல்லாம் ஒரு சுத்துத் தொட்டுட்டேன். ஒண்ணும் என்னைக் கடிக்கல. மூணாவது அண்டாகிட்ட வந்தப்ப என் கைக்கே அதிர்வு தெரிஞ்சுச்சு. வைக்கோல் பூச்சி அரிச்சுப் பொடியாக் கெடந்துச்சு. அதைத் தள்ளிட்டு உள்ள கையை விட்டேன்.

ஒரு பித்தளைச் சம்புடம். மூடி போட்டது, ரெண்டு கையில அடங்குற அளவு. அதைப் பிடிச்சதும் சத்தம் நின்னுருச்சு. வாசப்படியிலருந்து, "அதான் அக்கா, அதான்!"ன்னு கத்தினாரு.

வெளிச்சத்துக்குக் கொண்டாந்து பாத்தேன். அது என் சாமான் இல்ல. மூடியில வெட்டியிருந்த மூணு எழுத்து எங்க விலாசம் இல்ல, அயித்தை வீட்டு விலாசம். தெரியாதா எனக்கு? அயித்தை தினம் காலையில கையை விட்டு மஞ்சள் எடுக்குற சம்புடம். லிஸ்டுல அது கிடையாது. மூடியைத் திறந்தேன். உள்ள ஏழெட்டு விரலி மஞ்சள். காஞ்சு எலும்பு மாதிரி ஆகியிருந்துச்சு. நான் கையை ஆட்டினதும் கிலுகிலுன்னுச்சு.

எங்க பக்கம் பாத்திரத்தை வெறுசாக் குடுக்க மாட்டோம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பினாக் கூட நாலு கல்கண்டு போட்டுத்தான் திருப்புவோம். தன் கைப் புழக்கத்துல இருந்த சம்புடத்துல மஞ்சளைப் போட்டு, எண்ணி முடிச்ச அண்டாவுக்குள்ள, யாரு கண்ணுலயும் படாம வைக்கோலுக்கு அடியில வச்சுக் கட்டியிருக்காக. நான் அவசரம்னு நெனச்ச நேரத்துல. அப்படித்தானா? இல்ல கைமறதியா வந்திருச்சா? அடுப்படிச் சாமான் எப்படிச் சீர்ச் சாமானோட மறதியா வரும்? அந்தக் கதவு வாசப்படியிலயே உக்காந்து அழுதேன். தங்கச்சி கிதாரைப் போட்டுட்டு ஓடி வந்து பாத்தா. பாத்ததும் அவளுக்கும் புரிஞ்சுருச்சு. பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நாலாவதை வாசிச்சா. நான் சம்புடத்தை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருந்தேன். வாசிச்சு முடிச்சதும் நானே கேட்டேன்: "அந்தச் சத்தத்தோட ஒண்ணு எடுத்துக்கோயேன். வித்தியாசமா இருக்கும்ல?"

இன்ஜினியருக்கும் அந்த ஆசை இருந்துச்சு போல, ஆர்வமா அவளைப் பாத்தாரு.

"வேணாம்"னா. "அது உனக்கு வந்த சேதி ஆச்சி. என் ஆல்பத்துல அதுக்கு என்ன வேலை?"

அவுக ரெண்டு பேரும் மெட்ராஸ் போன மறுநா நான் எங்க பக்கத்துப் பலகாரம் மனகோலம் சுட்டேன். சம்புடத்தைப் புளி போட்டு வெளக்கி, ஆற வச்ச மனகோலத்தை அதுல நெறச்சேன். மஞ்சளை நான் எடுத்துக்கிட்டேன். ஒரு கிழங்கைக் கல்லுல உரசினேன். பதினேழு வருசம் கழிச்சும் உள்ள நல்ல மஞ்சளா இருந்துச்சு. முகத்துல பூசிக் குளிச்சேன். கண்ணாடியைப் பாத்தப்ப வெக்கமா இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு. துணிப்பையில சம்புடத்தைப் போட்டுக்கிட்டுக் காரைக்குடி வந்து, அங்கருந்து கோவிலூரு தாண்டிப் போற டவுன் பஸ்ல ஏறினேன். அவுக இருக்காகளா, இல்லையான்னு கூட யாரையும் கேக்கல. கேட்டா போகாம இருந்திருவேன்னு எனக்கே தெரியும்.

இருந்தாக. அந்தப் பெரிய வீட்ல பின்னாடிக் கட்டுல ஒரு நாற்காலியில, முட்டியில தைலத்தைத் தேச்சுக்கிட்டு. உடம்பு ரொம்ப இளைச்சுப் போச்சு. நான் தூணோரம் நின்னேன். கண்ணைச் சுருக்கிப் பாத்தாக. அவுக பாத்தது என் மூஞ்சியை இல்ல, மூஞ்சியில இருந்த மஞ்சளை.

"வா"ன்னாக.

நான் பக்கத்துல உக்காந்து சம்புடத்தை எடுத்து முன்னால வச்சேன். "உங்க சாமான் அயித்தை. அன்னைக்குத் தெரியாம எங்க சாமானோட வந்திருச்சு போல."

"தெரியாமயா?"ன்னாக. விரலால மூடியில இருந்த எழுத்தைத் தடவினாக. "எண்ண வந்தவுக எண்ணி வச்சாக. நான் எண்ணாம வச்சேன்."

எனக்கு அழுகை வரும்னுதான் நெனச்சேன். வந்தது கோவம். எங்கருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ, "ஏன் அயித்தை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? மண்ணு மாதிரி உக்காந்திருந்தீகளே! பதினேழு வருசம் உங்களையும் என்னையும் வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனே!"ன்னு அந்த வீடு அதிரக் கத்தினேன். அந்த வீட்டு வளவுலயும் சத்தம் சுத்தித்தான் வருது.

அவுக கோவிச்சுக்கல. "உங்க மாமா, பெரியவுக, எல்லாரும் நின்னாக. என்னத்தைச் சொல்ல விட்டிருப்பாக?"ன்னாக. முட்டியைத் தடவிக்கிட்டே, "இத்தனை வருசம் கழிச்சு இப்ப என்ன, திடீர்னு?"ன்னு கேட்டாக.

தங்கச்சி கிதார் வாசிச்சதையும், தடிச்ச கம்பியையும், வீடு பூரா கட்டித் தேடினதையும், பூட்டின கதவையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாக. பாதியில ஒரு தடவை சிரிச்சாக. முடிச்சதும் என் கையை எடுத்து அவுக மடியில வச்சுக்கிட்டாக.

"அப்ப இதுவரைக்கும் நீ அண்டாவைத் திறக்கவே இல்லயா?"ன்னாக. "வீட்டுக்குப் போனதும் நீ பிரிச்சுப் பாப்ப, பாத்துட்டு ஒரு நா வருவன்னு நான் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வரல. மஞ்சளைப் பாத்த பெறகும் வரலேன்னா எம்மேல அம்புட்டு வெறுப்புன்னு, நானும் இருந்துட்டேன் ஆத்தா."